ஊக்கமும் அவாவும்: முன்னேறத் துடிப்பவர்களுக்குத் தமிழ் வைத்த பெயர்கள்

முன்னேறத் துடிப்பவரைப் பற்றிப் பேசத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஊக்கம், முயற்சி, ஆள்வினை, தாளாண்மை, உரன், முனைப்பு, துணிவு என்று ஒரு வரிசை இருக்கிறது. ஆசை, அவா, வேட்கை, நசை, வெஃகல், மோகம், வெறி என்று இன்னொரு வரிசை. முதல் வரிசைச் சொற்கள் உடலும் உள்ளமும் உழைப்பதைக் குறிக்கின்றன. இரண்டாவது வரிசை, கைக்கு வராத ஒன்றை மனம் நாடுவதைக் குறிக்கிறது. பெரிய நிலைக்கு வர ஆசைப்பட்டு அதற்காகப் பாடுபடும் ஒருவரிடம் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும். ஆனாலும் பழந்தமிழ் அவற்றை ஒரே சொல்லில் அடக்கவில்லை. பாடுபடுவதைப் புகழ்ந்தது, ஆசைப்படுவதைச் சந்தேகத்தோடு பார்த்தது. இடையில் இருக்கும் மனிதரை எந்தப் பெயரால் அழைப்பது என்பதற்கு, அவர் யாருக்காகப் பாடுபடுகிறார், தன் அளவு அவருக்குத் தெரிகிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டது.

ஊக்கம் என்ற சொல்லின் அடியில் இருப்பது ஊக்குதல் என்னும் வினை. உந்துதல், தள்ளுதல் என்பது அதன் பருப்பொருள். கலித்தொகையில் ஊசலில் அமர்ந்த பெண், தன்னைச் சற்றே ஆட்டிவிடும்படி தலைவனிடம் கேட்கும் இடத்தில் இந்த வினைதான் வருகிறது. இந்த உந்துதல் உள்ளுக்குள்ளிருந்தே எழும்போது ஊக்கம் ஆகிறது. தாளாண்மையிலும் உடல் இருக்கிறது: தாள் என்பது கால். நின்ற காலில் நிற்க வல்லவர், நடந்து களைக்காதவர் தாளாளர். ஆள்வினை என்பது ஒரு செயலைத் தன் ஆட்சிக்குள் வைத்து நடத்துவது. இன்று வழக்கொழிந்துவிட்ட உஞற்றுதல் என்ற வினையும் உண்டு. சோர்ந்துபோகாமல் மேலும் மேலும் முயல்வது என்று அதற்குப் பொருள். விதியையும் புறமுதுகிட வைப்பவர்கள் யார் என்று சொல்லும் 620ஆம் குறளில் வள்ளுவர் கையாண்ட சொல் அது. முயல்தல் மட்டும் அன்று முதல் இன்று வரை தேயாமல் புழங்குகிறது.

திருக்குறளின் அமைப்பே இந்தச் சொற்களுக்கு ஒரு வரைபடம். அவாவறுத்தல் என்ற 37ஆம் அதிகாரம் அறத்துப்பாலில், துறவறவியலில் இருக்கிறது. பிறர் பொருளை விரும்பாதே என்னும் வெஃகாமை இல்லறவியலில், 18ஆம் அதிகாரமாக இருக்கிறது. ஊக்கமுடைமையும் மடியின்மையும் ஆள்வினையுடைமையும் இடுக்கண் அழியாமையும் 60 முதல் 63 வரை அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் அவை இருப்பது பொருட்பாலில், அரசியலில். ஆசையைப் பற்றிய பேச்சு ஒரு பாலிலும் முயற்சியைப் பற்றிய பேச்சு இன்னொரு பாலிலும் போய் அமர்ந்துகொண்டன. உரையாசிரியர் பரிமேலழகர் இந்த நான்கு அதிகாரங்களுக்குள்ளும் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறார். ஊக்கம் அவருக்கு மனத்தின் கிளர்ச்சி; ஆள்வினை உடம்பின் இடைவிடாத உழைப்பு. நடுவில் சோம்பல் வந்து இரண்டையும் துண்டித்துவிடாமல் இருக்க மடியின்மை. எல்லாம் செய்த பிறகும் துன்பம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு நான்காவது அதிகாரம். அங்கே, மேடு பள்ளம் பாராமல் வண்டியை இழுத்துச் செல்லும் எருதை வள்ளுவர் எடுத்துக்காட்டுகிறார்.

ஊக்கமுடைமை அதிகாரத்தின் தொனி உற்சாகமானது. தளராத ஊக்கம் உள்ளவர் வீட்டுக்குச் செல்வம் தானே வழி கேட்டுக்கொண்டு வரும் என்கிறது ஒரு குறள். நீரின் ஆழம் எவ்வளவோ அவ்வளவுதான் மலர்த் தண்டின் நீளம் என்கிறது இன்னொன்று. உள்ள வலிமை இல்லாதவர் மரம், வடிவத்தில்தான் மனிதர் என்று அதிகாரம் முடிகிறது. இவற்றை மட்டும் படித்துவிட்டு வள்ளுவரை எல்லையற்ற முன்னேற்றத்தின் பிரசாரகர் என்று எடுத்துக்கொள்பவர்கள், இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சாளர்களில் பலரும் அப்படித்தான், 48ஆம் அதிகாரத்துக்குப் போவதில்லை. வலியறிதல் என்ற அந்த அதிகாரத்தில் அதே ஊக்கம் ஆபத்தான உருவத்தில் வருகிறது. தம் வலிமையின் அளவை அறியாமல், ஊக்கத்தின் உந்துதலால் ஒன்றைத் தொடங்கி நடுவிலேயே முறிந்துபோனவர்கள் பலர் என்கிறது 473ஆம் குறள். மரத்தின் நுனிக்கிளை வரை ஏறியவர் அதற்கும் மேலே ஊக்கினால் உயிர் போகும் என்கிறது 476. இரண்டு குறளிலும் வரும் சொல் ஆசையோ அவாவோ இல்லை, ஊக்கமேதான். உந்துவிசை நல்லதா கெட்டதா என்பது கிளையின் கனத்தைப் பொறுத்தது.

தொழில் தொடங்குவோருக்கு இன்னும் நேராகப் பேசும் குறள் 463. வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கையில் இருக்கும் முதலையே இழக்கவைக்கும் செயலில் அறிவுடையவர் ஊக்கம் கொள்ளமாட்டார் என்பது அதன் கருத்து. முதல் என்ற சொல் அன்றே வணிகப் பொருளில் அங்கே நிற்கிறது. முதலை உடையவர் முதலாளி என்ற இன்றைய வழக்கும் அதே வேரில் முளைத்ததுதான்.

இரண்டாம் வரிசைச் சொற்களில் மிகப் பழமையான அரசியல் சொல் மண்நசை. நசை என்றால் விருப்பம். தொல்காப்பியம் வஞ்சித் திணையை விளக்கும்போது, மண்ணின் மீது தீராத விருப்பம் கொண்ட வேந்தனைப் பற்றிப் பேசுகிறது; போருக்குக் காரணமே அந்த நசைதான். பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டதைப் பாடும் புறநானூற்றுப் பாடல்களில் புலவரின் பரிவு முழுவதும் பாரியின் பக்கம் இருப்பது தற்செயல் இல்லை. வேட்கை என்ற சொல் முதலில் நீர்வேட்கை, காதல் வேட்கை என்று உடலோடு ஒட்டி இருந்தது. மணிமேகலையில் பௌத்தத்தின் பன்னிரு சார்புகளில் ஒன்றாக அது தத்துவச் சொல்லாகிறது: நுகர்விலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று, பற்றிலிருந்து பவம் என்று அந்தச் சங்கிலி நீள்கிறது. சமணமும் பௌத்தமும் ஆழமாக வேரூன்றிய காலத்தில் ஆசை பற்றிய சொற்கள் எல்லாவற்றிலும் பிறவித் துன்பத்தின் நிழல் விழுந்தது. அந்த நிழல் இன்றும் விலகவில்லை. ஆசை என்று மட்டும் சொன்னால் பரவாயில்லை. பேராசை என்று பெரிதாக்கினால் அது வசைச் சொல். ஊக்கத்தையோ முயற்சியையோ பெரிதாக்கிப் பெருமுயற்சி என்றால் பாராட்டு. ஒரே அடைமொழி இரண்டு வரிசையிலும் எதிரெதிராக வேலை செய்கிறது.

முயற்சி மட்டும் இருந்தால் போதும், அது யாருக்காக என்று கேட்கவேண்டியதில்லை என்று சங்கப் புலவர்கள் நினைக்கவில்லை. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய புறநானூற்று 182ஆம் பாடல், இவ்வுலகம் இன்னும் நிலைத்திருப்பது எதனால் என்று ஆராய்கிறது. தமக்காக முயலாமல் பிறருக்காக முயலும் வலிய தாளை உடையவர்கள் இருப்பதால்தான் என்பது விடை. தாள், முயல்தல் என்ற முதல் வரிசைச் சொற்கள் இரண்டும் அங்கே ஒருசேர வருகின்றன. அவற்றுக்குப் பெருமை தருவது பிறருக்காக என்ற நிபந்தனை.

சோழன் நல்லுருத்திரனின் 190ஆம் பாடல் இன்னும் கூர்மையானது. விளைந்த வயலில் கதிர்களைக் களவாகக் கொண்டுபோய் வளை நிறையச் சேர்க்கும் எலி ஒரு பக்கம். தான் தாக்கிய காட்டுப் பன்றி இடப்பக்கம் விழுந்துவிட்டது என்பதற்காக அன்று உண்ணாமல் பசியோடு கிடந்து, மறுநாள் குகை தனிமைப்பட எழுந்து போய்ப் பெரிய களிற்றை வலப்பக்கம் வீழ்த்தும் புலி மறுபக்கம். எலியைப் போன்றவர்களோடு நட்பு வேண்டாம், புலியைப் போன்றவர்களோடு பழகும் நாள்கள் வாய்க்கட்டும் என்பது அரசனின் விருப்பம். கவனிக்கவேண்டியது, எலியின் வேலையையும் புலவர் முயல்தல் என்றே சொல்கிறார் என்பது. எலி சோம்பேறி இல்லை. ஓயாமல் உழைக்கிறது, சேமிக்கிறது, முன்யோசனையோடு இருக்கிறது. நவீன அளவுகோல்படி அதுதான் வெற்றிகரமான சிறுதொழில். ஆனால் அதற்கு உள்ளம் இல்லை என்று பாடல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. புலிக்கு உரிய சொல் உரன். அது பசித்திருக்கவும் தெரிந்த வலிமை. இதில் ஓர் அரச குலத்தவரின் மேட்டிமையும் இருக்கத்தான் செய்கிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பிற்காலத்துப் பழமொழி எலியின் பக்கம் நின்று பேசியது.

இலக்கின் உயரத்தைப் பற்றிய பார்வையும் இதே மரபில் இருக்கிறது. யானை வேட்டைக்குப் போனவன் யானையைப் பெற்றாலும் பெறுவான், காடை பிடிக்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பினாலும் திரும்புவான் என்று வடக்கிருக்கத் தொடங்கிய கோப்பெருஞ்சோழன் 214ஆம் பாடலில் வாதிடுகிறான். முயலைத் தைத்த அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேல் மேல் என்று 772ஆம் குறள் சொல்கிறது. வலியறிதல் அதிகாரத்தோடு இது முரண்படுவதுபோல் தோன்றும். வள்ளுவர் அரசனின் படையெடுப்பைப் பற்றிப் பேசும்போது எடைபோடச் சொல்கிறார். தனி வீரனின் பெருமிதத்தைப் பற்றிப் பேசும்போது எடைபோடத் தேவையில்லை என்கிறார். தோல்வியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது வேறுபாடு.

அந்த விலையை வீட்டில் இருப்பவர்களும் கொடுத்தார்கள். பாலைத் திணையின் பெரும்பகுதி, பொருள் தேடப் போன தலைவனைப் பற்றி விட்டுச்செல்லப்பட்டவள் பேசும் பேச்சு. வினை ஆடவருக்கு உயிர் என்ற கருத்தைக் குறுந்தொகையில் பதிவு செய்த பாலை பாடிய பெருங்கடுங்கோ, அதே பாடலில் வீட்டுப் பெண்ணுக்கு உயிர் எது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். தலைவனின் வினை என்னும் உயர்ந்த சொல், தலைவியின் வாயில் அன்பற்ற செயலுக்குப் பெயராகிவிடும். வெளிநாட்டு வேலைக்குப் போன கணவனைப் பற்றி இன்றைய ஊர்களில் நடக்கும் பேச்சிலும் இந்த இரட்டை மதிப்பீட்டைக் கேட்கலாம்.

இடைக்காலத்தில் பெருவிருப்பம் தன்னை வெளிக்காட்டிக்கொண்ட இடம் பட்டப்பெயர். சோழர்களில் முதல் பராந்தகன் மதுரை கொண்ட கோப்பரகேசரி. இராசேந்திரன் கங்கை கொண்டவன், கடாரம் கொண்டவன். 1025இல் கடாரத்தின் மீது நடந்த கடற்படையெடுப்புக்குப் பிறகு அந்தப் பெயர் நிலைத்தது. ஆசை என்றோ நசை என்றோ கல்வெட்டு பேசாது. கொண்ட என்ற ஒரு பெயரெச்சத்தில் காரியத்தை முடித்துவிடும். முடிந்துபோன செயலாகச் சொல்லும்போது விருப்பத்தைப் பற்றிய கேள்வி எழுவதில்லை. வணிகர்களும் இந்த மொழியைக் கடன் வாங்கினார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு, தன் பாதுகாப்பில் இருந்த ஊர்களுக்கு எறிவீரப்பட்டினம் என்று பெயரிட்டது. சுமத்ரா தீவின் பாரூசு அருகே, லோபு துவா என்ற இடத்தில் 1088இல் இந்தக் குழு தமிழில் பொறித்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரம் ஏற்றப் போன வணிகருக்கு ஆயிரம் திசையும் தமக்குரியது என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ளும் துணிச்சல் இருந்தது. பட்டினப்பாலை காட்டும் பூம்புகார் வணிகரோ அதற்கு நேர்மாறாக அறிமுகமாகிறார்கள்: கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமல், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமல், நுகத்தின் நடு ஆணிபோல் நிற்பவர்களாக. வணிகரைப் புலவர் வருணித்ததற்கும் வணிகரே தம்மை வருணித்துக்கொண்டதற்கும் உள்ள தூரம் அது.

செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் தம் தொழிலுக்கு வைத்துக்கொண்ட சொற்களில் வீரம் எதுவும் இல்லை. பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ போவதைக் கொண்டுவிற்கப் போவது என்று மட்டுமே சொன்னார்கள். பதின்வயதில் போகும் பையன் பெட்டியடிப் பையன். பணப்பெட்டியின் அருகே அமர்ந்து எடுபிடி வேலை செய்து, பேரேடு எழுதக் கற்பவன். பிறகு அடுத்தாள், அதன் பிறகு மேலாள். மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பி, கொஞ்சம் இருந்துவிட்டு மறுபடியும் கப்பலேறுவது வழக்கம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடை என்பது தரையில் ஒரு சாய்மேசை, ஒரு பெட்டி, பக்கத்தில் ஓர் அலமாரி, அவ்வளவுதான். பகலில் லேவாதேவி நடந்த அதே இடத்தில் இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள். இலட்சக்கணக்கான ரூபாய் புழங்கிய தொழிலின் படிநிலைகளுக்கு வைத்த பெயர்கள் எல்லாம் ஆள் எங்கே உட்கார்கிறார், யாருக்கு அடுத்தவர் என்பதைச் சொல்லும் பெயர்களே. ஆசையின் அளவைப் பெயரில் காட்டாமல் இருப்பதே அங்கே நாணயம்.

அகலக்கால் வைப்பது என்ற தொடர் இத்தகைய தொழில் வீடுகளில்தான் கூர்மையாகப் பயன்பட்டது. தாங்க முடிந்ததற்கு மேல் கடன் வாங்கித் தொழிலை விரிப்பவரைக் குறிக்கும் தொடர் அது. தாளாண்மையின் அதே கால்தான், இடைவெளி அதிகமாகிவிட்ட நிலையில். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது பர்மிய உழவர்களால் நகரத்தாரிடம் வாங்கிய கடனை அடைக்க முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு நகரத்தார் வசம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. பணமாகத் திரும்ப வேண்டியது வயலாக வந்து சேர்ந்தது. கடன் கொடுத்தவர்களுக்கு அது விரும்பாத சொத்து. பர்மியர்களுக்கு அது மண்ணைப் பிடுங்கிய பேராசை. 1942இல் சப்பானியப் படைகள் நுழைந்ததும் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு பெருந்தொழில் முயற்சியின் பெயரே அதை நடத்தியவரின் அடைமொழியாகிவிட்ட நிகழ்வு தூத்துக்குடியில் நடந்தது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அந்தத் தடத்தைத் தன் பிடியில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி பயணக் கட்டணத்தை வெகுவாகக் குறைத்து நெருக்கியது. 1908 மார்ச்சில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடுத்து வ.உ.சி. கைது செய்யப்பட்டார். சூலையில் இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது 40 ஆண்டுகள், விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையும் இல்லை.

ஐந்தொகை பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஊராக இருந்தால் இதை அகலக்கால் என்றே சொல்லியிருக்கும். ஆனால் ம.பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் பெயரும், 1961இல் பி.ஆர். பந்துலு எடுத்த படத்தின் பெயரும் கப்பலோட்டிய தமிழன். ஓட்டினார் என்பதே போதும்; எத்தனை நாள், எவ்வளவு லாபம் என்பது அந்தப் பெயருக்குள் வரவில்லை. அது தமக்காக முயன்ற முயற்சி இல்லை என்பதால், யானையைத் தவறவிட்ட வேலுக்குக் கிடைத்த மரியாதை அதற்கும் கிடைத்தது. சொல் வரலாற்றில் வ.உ.சி.க்கு இன்னோர் இடமும் உண்டு. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூல்களை அவர் சிறைக்காலத்திலேயே மொழிபெயர்க்கத் தொடங்கினார். மனம்போல வாழ்வு, அகமே புறம் ஆகியவை தமிழில் தன்முன்னேற்ற இலக்கியத்தின் முன்னோடிகள். அந்தத் தலைப்புகளில் வெற்றியோ செல்வமோ இல்லை. மனமும் அகமும் இருக்கின்றன. ஊக்கத்தை மனத்தின் கிளர்ச்சி என்று கண்ட பரிமேலழகரை நன்கு படித்த, குறளுக்குத் தாமே உரை எழுதிய ஒருவரின் தேர்வு அது.

உழைப்பையும் ஆசையையும் சேர்த்துச் சொல்லும் ஒரு சொல் தேவைப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். அந்த இடத்துக்கு லட்சியம் வந்தது. வடமொழியில் அம்பு எய்யும் இலக்கைக் குறிக்கும் சொல். தமிழில் அடைய விரும்பும் உயர்ந்த நிலையைக் குறித்தது. ஆசைக்கு இருந்த கறை இதற்கு இல்லை. கலெக்டர் ஆவது என் ஆசை என்றால் சிறுபிள்ளைப் பேச்சு. என் லட்சியம் என்றால் செய்தித்தாளில் படத்தோடு வரும். குறிக்கோள் என்ற தமிழ்ச் சொல் அதைவிட மிகப் பழையது. குறிக்கோள் இல்லாமல் கெட்டதாக அப்பர் தேவாரத்தில் வருந்துகிறார். அவர் சொல்லும் குறிக்கோள் இறைவன். இன்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதப்படும் குறிக்கோள் பெரும்பாலும் மதிப்பெண். சாதனையின் பயணமும் இப்படித்தான்: யோகப் பயிற்சியைக் குறித்த சொல், உலக சாதனை, விற்பனைச் சாதனை என்று வந்து நிற்கிறது.

1980களில் எம்.எஸ். உதயமூர்த்தியின் எழுத்துகள் இந்தச் சொற்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. அமெரிக்காவில் தொழில் நடத்தித் திரும்பி, 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். அதே ஆண்டு கே. பாலசந்தர் எடுத்த உன்னால் முடியும் தம்பி படத்தின் நாயகனுக்கு உதயமூர்த்தியின் பெயரே வைக்கப்பட்டது. அந்தத் தலைப்பின் பலம் தம்பி என்ற விளியில் இருக்கிறது: முன்னேறு என்ற கட்டளை, உறவுமுறையில் சொல்லும்போது ஆணவம் இல்லாத அறிவுரையாகிவிடுகிறது. பிறகு அப்துல் கலாம் கனவு என்ற சொல்லின் தலையெழுத்தை மாற்றினார். அதுவரை தமிழில் கனவு காண்பவர் வேலைக்கு ஆகாதவர்.

பேச்சுத் தமிழ் இவற்றையெல்லாம் மேடைக்கு விட்டுவிட்டுத் தன் வழியில் போகிறது. ஓய்வில்லாமல் வேலை செய்பவர் பம்பரமாய்ச் சுழல்கிறார். அதையே பணத்துக்காகச் செய்தால் ஆலாய்ப் பறக்கிறார். குடும்பத்துக்காகச் செய்தால் மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்கிறார். வெறி என்ற சொல் சங்க காலத்தில் முருகன் ஏறிய வேலனின் ஆட்டத்தைக் குறித்தது. பணவெறி, பதவிவெறி என்று நெடுங்காலம் வசையாக இருந்தது. இப்போது, சாதிக்கணும்ங்கிற வெறி என்று திரைப்பட நேர்காணல்களில் பாராட்டாகக் கேட்கிறது. தலையெடுப்பது என்ற தொடரும் உண்டு. ஒரு குடும்பத்தில் முதலில் படித்து, வேலைக்குப் போய், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்து, கூரை வீட்டை ஓட்டு வீடாக்கிய பிள்ளையைத் தலையெடுத்த பிள்ளை என்பார்கள். தன் குடியை உயர்த்துபவருக்குக் காலமும் நேரமும் பார்க்க இடமில்லை என்று குடிசெயல்வகை அதிகாரம் வருணிக்கும் அதே ஆள்.

எல்லாருடைய முயற்சியும் இப்படி வரவேற்கப்பட்டதில்லை. உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா என்ற பழமொழிகள் வலியறிதல்போல் தோன்றினாலும் நோக்கம் வேறு. வள்ளுவர் அறியச் சொன்னது செயலின் வலிமையையும் தன் வலிமையையும். இவை அறியச் சொல்வது பிறந்த இடத்தை. சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டவர் எழும்போது ஊக்கம் என்ற சொல் அவருக்குக் கிடைக்காமல், திமிர் என்ற சொல் கிடைத்தது. பெண்களுக்கும் இதே கதிதான். வீட்டுக்குள் திறமை காட்டினால் கெட்டிக்காரி. வெளியே காட்டினால் துணிச்சல்காரி, அதில் ஒரு முணுமுணுப்பும் கலந்திருக்கும். மிகவும் பாராட்டினால் ஆம்பளை மாதிரி என்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டசபைக்கு வந்ததும், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்ததும் இரு வேறு அளவிலான சாதனைகள். இரண்டையும் பெரும்பாலான தமிழ்க் கட்டுரைகள் முதல் பெண் என்ற ஒரே தொடரால் மூடிவிடுகின்றன. பெண்ணின் நிறுவன ஆற்றலுக்கு நிலையான பாராட்டுச் சொல் உருவாகாத குறையை அது காட்டிக்கொடுக்கிறது.

பெரும்பொருள் ஈட்டியவர் ஊரின் நாவில் நல்ல பெயரோடு நிற்க ஒரு வழி இருந்தது: கொடுப்பது. கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் நூற்பாலை, காப்பீடு, விமானப் போக்குவரத்து என்று பல துறைகளில் கைவைத்தவர். தாமே விமானம் ஓட்டப் பயின்றவர். 1957இல், ஐம்பது வயது நிறைவதற்குள் இறந்தார். தொழிலதிபர் என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டவில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததும், கல்லூரிகளை நிறுவியதும் அவரை வள்ளல் அழகப்பர் ஆக்கின. வள்ளல் என்பது பாரிக்கும் பேகனுக்கும் உரிய சொல். ஆலை முதலாளிக்கு அதைக் கொடுத்ததன் மூலம் பிறருக்காக என்ற இளம்பெருவழுதியின் நிபந்தனையைத் தமிழ் புதுப்பித்துக்கொண்டது. பின்னாளில் சுயநிதிக் கல்லூரி நடத்துபவர்களெல்லாம் சுவரொட்டிகளில் கல்வித் தந்தை ஆனபோது அந்த மரபுச் சொல்லின் மதிப்பு இறங்கிவிட்டது என்பதும் உண்மை.

திருப்பூரில் இன்னொரு வழி. அங்கே பனியன் ஆலைகளில் தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியானவர்கள், குறிப்பாகக் கொங்கு வேளாளர்கள், தம் வளர்ச்சிக்குச் சொல்லும் காரணம் உழைப்பு. ஆய்வாளர் சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில் இந்த ஒற்றைச் சொல்லையே மையமாக எடுத்துக்கொண்டார். பவர்டேபிளில் உட்கார்ந்து தைத்த கை என்று சொல்லிக்கொள்வது, கீழே வேலை செய்பவர்களை அதட்டுவதற்கான உரிமையையும் சேர்த்தே தருகிறது என்பது அவர் கண்டது. உழைப்பால் உயர்ந்தவர் என்று திறப்புவிழாத் தட்டிகளில் எழுதப்படும் அடைமொழியில், உடன் உழைத்து உயராதவர்கள் பற்றிய பேச்சு இல்லை.

அரசு அலுவலகங்களும் வங்கிகளும் இன்று புழங்கும் சொல் தொழில்முனைவோர். முனைதல் என்பது ஒன்றில் முந்திச் சென்று ஈடுபடுவது. ஓர் என்னும் ஈற்றால் ஆண், பெண் இருவருக்கும் பொருந்துவது இதன் சிறப்பு. ஆனால் அதே வினையில் பிறந்த முனைப்புக்குச் சைவ சித்தாந்தப் பின்னணி உண்டு. தன்முனைப்பு அங்கே ஆணவ மலத்தின் வேலை, அடங்கவேண்டிய ஒன்று. முனைப்பான இளைஞர் என்றால் பாராட்டு, தன்முனைப்பு உள்ளவர் என்றால் குறை என்று ஒரே செய்தித்தாள் எழுதும். தமிழக அரசின் புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் ஸ்டார்ட்அப் என்பதைப் புத்தொழில் ஆக்கியிருக்கிறது. கடைத்தெருவில் இன்னும் ஸ்டார்ட்அப்தான். 2022 மார்ச்சில் தொடங்கிய திறன் பயிற்சித் திட்டத்துக்கு நான் முதல்வன் என்று பெயர் வைத்தார்கள். முதல் வரிசைச் சொல்லோ இரண்டாம் வரிசைச் சொல்லோ அதில் இல்லை. தன்மை ஒருமையில், நான் என்று தொடங்கும் பெயர். பணிவை முன்னிறுத்தியே முன்னேற்றத்தைப் பேசிய மொழியில், கல்லூரி மாணவர் எல்லாருக்கும் அரசே அந்தச் சொல்லை வாயில் வைத்துக் கொடுத்தது புதிது.